மாலை நான்கு மணி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தோட்டத்தில் விழுந்து கிடக்கும் கிளைகளைக் கூட்டி எரிக்க நினைப்பவர் காலை 10 மணிக்கு மேல்தான் பற்றவைக்கலாம். மாலை 4 மணிக்குள் அணைத்துவிட வேண்டும். அதே கிழக்குக் கரையில் சற்றுத் தெற்கே வர்ஜீனியா இருக்கிறது. அங்கே பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 30 வரை, காட்டுக்கோ காய்ந்த புல்வெளிக்கோ 300 அடிக்குள் தீ மூட்ட விரும்புகிறவர் மாலை 4 மணிக்கு முன்னால் தீப்பெட்டியைத் தொடக்கூடாது. நான்கு மணிக்கு மேல் நள்ளிரவு வரை எரிக்கலாம். ஓரிடத்தில் தீ அடங்க வேண்டிய மணி, இன்னோரிடத்தில் தீ தொடங்கலாம் என்று அனுமதிக்கும் மணி.

இரண்டில் ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும் என்று முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இரண்டுமே சரி. ஒரே நாளின் காற்றை இரண்டு மாநிலங்களும் இரண்டு கவலைகளோடு பார்க்கின்றன. அந்தக் கவலைகள் எவை என்று புரிந்துகொண்டால், ஒரு சிற்றூர்த் தீயணைப்பு நிலையம் கொடுக்கும் அனுமதிச் சீட்டில் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

மாசசூசெட்ஸில் இந்த எரிப்புக்கென்று ஒரு பருவமே உண்டு: ஜனவரி 15 முதல் மே 1 வரை. குளிர்காலப் புயல்களில் முறிந்த கிளைகள், வெட்டிப்போட்ட புதர்கள், கவாத்து செய்த மிச்சங்கள் ஆகியவற்றை மக்கள் அப்போதுதான் கூட்டிக் கொளுத்துகிறார்கள். அதற்கு உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டும். சீட்டு கையில் இருந்தாலும் போதாது. காற்றையும் வானிலையையும் பார்த்து, இன்று எரிக்கலாமா கூடாதா என்பதை அன்றன்று முடிவு செய்வார்கள். பாஸ்டன் உட்பட மக்கள் நெருக்கம் மிகுந்த 22 ஊர்களில் எந்த நாளிலும் அனுமதி கிடையாது.

சிற்றூர்களில் இந்த முடிவை எடுப்பவர்களும், முடிவு மீறப்படும்போது ஓடுபவர்களும் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களே. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தன்னார்வலர்கள். வேறு தொழில் செய்து பிழைப்பவர்கள். பக்கத்துத் தெருவில் ஒரு குப்பைத் தீ கைமீறினால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வண்டியேற வேண்டும். 'இன்று வேண்டாம்' என்று தொலைபேசியில் சொல்லும் குரலுக்குப் பின்னால் இந்த ஓட்டத்தின் அனுபவம் இருக்கிறது. அது வெறும் கெடுபிடி என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

காட்டுத்தீ என்றதும் நமக்கு மின்னலும் மலையும் நினைவுக்கு வருகின்றன. தமிழில் அந்தச் சொல்லே காட்டைத்தான் சொல்கிறது. அமெரிக்காவிலும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. தொப்பி வைத்த கரடி ஒன்று எச்சரிக்கும் ஸ்மோக்கி கரடிப் பிரசாரம் 1944இல் தொடங்கியது. அதன் முழக்கத்தில் 2001 வரை 'வனத் தீ' என்றே இருந்தது. பிறகுதான் புல்வெளியில், புதரில், வீட்டுக் கொல்லையில் தொடங்கும் தீயையும் சேர்க்கும்படி சொல்லை மாற்றினார்கள். அது தேவையான திருத்தம்தான். 1992 முதல் 2012 வரை அந்நாட்டில் பதிவான சுமார் 15 லட்சம் தீ நிகழ்வுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் 84 விழுக்காட்டை மனிதர்களே தொடங்கினார்கள் என்று கண்டது. மனிதக் காரணங்களில் முதலிடம் பிடித்தது வேண்டுமென்றே வைத்த தீ இல்லை, அணைக்காத சிகரெட்டும் இல்லை. குப்பையையும் கிளைகளையும் எரித்தபோது கைமீறிய தீதான். தன் தோட்டத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நினைத்த, சட்டத்தை மதிக்கிற, சாதாரண மனிதர்களின் தீ.

அவர்கள் எங்கே தவறுகிறார்கள்? பெரும்பாலும் நேரத்தில்.

விறகு எரிகிறது என்கிறோம். உண்மையில் சுவாலையாக எரிவது விறகிலிருந்து வெளிவரும் வாயு. மரத்தைச் சூடாக்கிக்கொண்டே போனால், 250, 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதன் செல்லுலோஸ் சிதைந்து, எரியக்கூடிய வாயுக்களாகக் கழல்கிறது. அந்த வாயு காற்றோடு கலந்து எரிவதையே நாம் சுவாலையாகப் பார்க்கிறோம். ஆனால் அந்தச் சூட்டை எட்டுவதற்கு முன், மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் முழுவதும் வெளியேற வேண்டும். ஒரு கிலோ தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைத்து ஆவியாக்கச் சுமார் 2,600 கிலோஜூல் செலவாகும். ஈரச்சருகைக் கொளுத்த முயன்று கண்ணெரிச்சலோடு எழுந்துபோனவர்கள் இந்தக் கணக்கைக் கையாலேயே கற்றவர்கள். ஓக் போன்ற மரங்களின் காய்ந்த சருகில், எடைக்குக் கால் பங்கு அளவுக்கு ஈரம் இருந்தால் தீ தானாகப் பரவுவது ஏறக்குறைய நின்றுவிடும். ஐந்தாறு விழுக்காடுதான் ஈரம் என்றால், ஒரு பொறி போதும்.

அந்த ஈரத்தைத் தீர்மானிப்பது மழையைவிட அதிகமாகக் காற்றுதான். செத்த இலைக்கு வேர் இல்லை. அது சுற்றியிருக்கும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு ஏப்ரல் நாளை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் 5 டிகிரி. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு. புல்லில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. பிற்பகல் 20 டிகிரி ஆகிறது. காற்றிலுள்ள நீராவி அப்படியேதான் இருக்கிறது, ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் சூடான காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியும் என்பதால், ஒப்பு ஈரப்பதம் இப்போது 30 விழுக்காடு. காலையில் எடையில் சுமார் 16 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்க முடிந்த சருகு, இப்போது ஆறு விழுக்காட்டை நோக்கி இறங்குகிறது. மேகமில்லை, இடியில்லை, யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனால் காலையில் பற்றாத அதே தரை, பிற்பகலில் பற்றத் தயாராக இருக்கிறது.

எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பது தடிமனைப் பொறுத்தது. தீயியலாளர்கள் இதை மணிக்கணக்கிலேயே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். ஆறு மில்லிமீட்டருக்கு மெல்லிய புல், இலை, ஈர்க்கு எல்லாம் 'ஒரு மணி நேர எரிபொருள்'. விரல் தடிமன் சுள்ளி 'பத்து மணி நேர எரிபொருள்'. அதற்கு மேல் நூறு மணி. கை அகலக் கட்டைகளுக்கு ஆயிரம் மணி. சுற்றியுள்ள காற்றின் ஈரநிலைக்கும் பொருளின் ஈரநிலைக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கடக்க ஆகும் நேரம் அது. 'நேற்றுதானே மழை பெய்தது' என்று தீயணைப்பு நிலையத்தில் வாதாடுகிறவர் ஆயிரம் மணி நேரக் கட்டையை மனதில் வைத்துப் பேசுகிறார். நிலையத்தில் இருப்பவர் ஒரு மணி நேரப் புல்லை மனதில் வைத்துப் பதில் சொல்கிறார். குவியலிலுள்ள கட்டை இன்னும் நனைந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள புல் காலைப் பத்து மணி வெயிலிலும் காற்றிலும் பகலுக்குள் காய்ந்துவிட்டது. தீ தப்பிப்போவது குவியல் வழியாக இல்லையே, புல் வழியாகத்தானே.

வர்ஜீனியாவின் கடிகாரம் இந்தப் பிற்பகலைத்தான் பார்க்கிறது. நண்பகலுக்குப் பின் ஈரப்பதம் அடிமட்டத்தைத் தொடுகிறது. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. வெயிலில் சூடேறிய தரை தன்மேல் இருக்கும் காற்றைச் சூடாக்கி மேலே அனுப்புகிறது. அதற்கு ஈடாக உயரத்திலிருந்து காற்று கீழே இறங்குகிறது. மேலே காற்று பொதுவாக வேகமானது. இறங்கும்போது அந்த வேகத்தையும் கூடவே கொண்டுவருகிறது. காலையில் இலையசையாமல் இருந்த தோட்டத்தில் பிற்பகலில் திடீர் திடீரென்று காற்று வீசுவது இதனால்தான். மாலை சாயும்போது தரை குளிர்கிறது, மேலும் கீழுமான கலப்பு தளர்கிறது, காற்று அடங்குகிறது, ஈரம் மெல்லத் திரும்புகிறது. ஆகவே நான்கு மணிக்குமேல் எரி என்கிறது வர்ஜீனியா. நான்கு மணி என்பது உச்சத்தைத் தாண்டத் தொடங்கும் நேரம் மட்டுமே. ஆபத்து விலகிவிட்ட நேரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும், அந்த வேளைக்குப் பிறகு ஒவ்வொரு மணியும் தீக்கு எதிராகவே நகர்கிறது.

மாசசூசெட்ஸ் பார்ப்பது புகையை. அங்கே திறந்தவெளி எரிப்பு விதி காற்றுத் தூய்மைக்கான விதிகளுக்குள் இருக்கிறது. மாலையில் தரையோரக் காற்று குளிர்ந்து, அதன்மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும். அந்த மூடிக்கு அடியில் புகை எழுந்து போக வழியில்லாமல் தெருக்களில் படுத்துக்கொள்ளும். ஆஸ்துமாக்காரர்களின் படுக்கையறை ஜன்னல்வரை அது போய்ச் சேரும். பகலில் அந்த மூடி உடைந்திருக்கும். எழும் புகை மேலே போய்க் கலைந்துவிடும். ஆகவே பத்து முதல் நான்கு. எந்தக் கலப்பு புகையை மேலே கொண்டுபோய்க் கரைக்கிறதோ, அதே கலப்புதான் கீழே காற்றைக் கொண்டுவந்து தீயை ஊதிவிடுகிறது. புகைக்கு நல்ல நேரம் தீக்குக் கெட்ட நேரம். ஒரு கடிகாரத்தால் இரண்டையும் சரிக்கட்ட முடியாது. புகையின் பக்கம் சாய்ந்த மாசசூசெட்ஸ், தீயின் பக்கம் ஏற்படும் குறையைப் பருவத்தாலும், அன்றாட அனுமதியாலும், தூரத்தாலும் ஈடுகட்டுகிறது.

பருவம் என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஜனவரியில் தரையில் பனி கிடக்கும். குவியலிலிருந்து தெறிக்கும் பொறி பனியில் விழுந்து சாகும். ஆகவே சீக்கிரமே எரித்துவிடுங்கள் என்று அம்மாநிலத் தீயணைப்பு அதிகாரிகள் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் குளிரில் யார் வெளியே வந்து கிளை பொறுக்குவார்கள்? மக்கள் ஏப்ரலின் முதல் இதமான சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமைதான் ஆண்டின் மோசமான நாள். பனி உருகிவிட்டது, புதிய இலை இன்னும் வரவில்லை. மொட்டை மரங்களுக்கு நடுவே வெயில் நேராகப் போன ஆண்டின் சருகின்மேல் விழுகிறது. ஓக் சருகு காயும்போது சுருண்டுகொள்ளும். அதனால் அது தரையோடு படியாமல், உள்ளே காற்றோட்டத்தோடு மெத்தைபோல் நிற்கும். இன்னும் சில வாரங்களில் இலை துளிர்த்துவிட்டால் நிழல் விழும், இலைகள் நீராவியை வெளிவிடும், புல் பச்சையாகும், காடு தானாகவே தீயை மறுக்கும். பனிக்கும் துளிருக்கும் நடுவே உள்ள அந்தச் சில வாரங்கள்தான் வடகிழக்கு அமெரிக்காவின் தீப்பருவம். நியூயார்க் மாநிலம் இந்த இடைவெளியை முழுவதுமாக அடைத்தது. 2009 முதல் அங்கே மார்ச் 16இலிருந்து மே 14 வரை தோட்டக் கிளைகளை எரிக்கத் தடை. அதன்பின் வசந்தகாலத் தீ நிகழ்வுகளின் ஆண்டுச் சராசரி 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக அம்மாநிலச் சுற்றுச்சூழல் துறை சொல்கிறது. புதிய விமானங்கள் வாங்கவில்லை, காட்டை வெட்டவில்லை. நாள்காட்டியில் இரண்டு மாதங்களை அடைத்தார்கள்.

இனி அனுமதிச் சீட்டின் மற்ற வரிகள்.

கட்டடங்களிலிருந்து குறைந்தது 75 அடி தள்ளி எரிக்க வேண்டும் என்கிறது மாசசூசெட்ஸ் விதி. சூடு தாக்காமல் இருக்கத்தான் என்று நினைப்போம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளுயரத்துக்குக் குறைவான ஒரு கிளைக் குவியல் நன்றாக எரியும்போது இரண்டு மெகாவாட் அளவுக்கு வெப்பம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் கதிர்வீச்சாகப் பரவும். 75 அடி, அதாவது 23 மீட்டர் தூரத்தில் நிற்கும் சுவரின்மேல் விழுவது, உச்சிவெயிலின் சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆக அந்தத் தூரம் சூட்டுக்காக ஏற்பட்டதில்லை. அது பொறிக்கான தூரம், நேரத்துக்கான தூரம். பறந்துவரும் பொறி வழியிலேயே எரிந்து தீர்ந்துவிட இடம் வேண்டும். புல்லில் தீ கசிந்தால், அது வீட்டை எட்டுவதற்குள் மண்வெட்டியோடு ஓடிவர ஒருவருக்கு அவகாசம் வேண்டும்.

இலைகளைக் குவியலில் போடக்கூடாது என்பதும் பொறியின் கணக்குதான். பரப்பு அதிகம், எடை குறைவு என்றால் எரியும் துண்டு பட்டம்போல் எழும்பும். கட்டையிலிருந்து உதிரும் கனமான கங்கு காலடியில் விழும். எரியும் இலை அடுத்த தெருவுக்குப் போகும். வீட்டுக் குப்பைக்குத் தடை வேறொரு காரணத்துக்காகவும் இருக்கிறது. பிளாஸ்டிக் கலந்த குப்பையைப் பீப்பாயில் போட்டு எரிக்கும்போது சூடு போதாமல், காற்றும் போதாமல், டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாகிறது. முறையாக வடிகட்டும் பெரிய எரிஉலையை ஒப்பிட்டால், எரிக்கும் அளவுக்கு ஏற்றபடி பார்க்கையில், ஒரு கொல்லைப்புறப் பீப்பாய் பன்மடங்கு கேடு செய்யும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. குவியல் பற்றவில்லையே என்று அதன்மேல் பெட்ரோல் ஊற்றுகிறவர், எரியப்போவது அந்தத் திரவம் என்று நம்புகிறார். பெட்ரோல் பனியுறையும் குளிரிலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும்; அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது கிளைகளின் இடுக்கில் இறங்கி, தரையோடு ஊர்ந்து, ஊற்றியவரின் காலைச் சுற்றி நிற்கிறது. அவர் தீக்குச்சியை உரசும்போது குவியல் மட்டுமே பற்றிக்கொள்வதில்லை. அவர் நிற்கும் இடமும் சேர்ந்தே பற்றிக்கொள்கிறது. காய்ந்த சுள்ளியும் கொஞ்சம் காகிதமும் வைத்துச் சிறிதாகத் தொடங்கி, கிளைகளை ஒவ்வொன்றாகப் போட்டு வளர்ப்பதுதான் வழி. நம் பாட்டிகள் விறகடுப்பு மூட்டியதும் அப்படித்தான்.

தண்ணீரும் மண்வெட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஏன் இரண்டும்? புதர்த்தீக்குப் போகும் வீரர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பம்பு ஒன்று வடகிழக்கு மாநிலங்களில் வெகுகாலமாகப் புழக்கத்தில் உண்டு. நம் வயலில் மருந்தடிக்கும் தெளிப்பானைப் போன்றது. அதில் ஐந்து கேலன், ஏறக்குறைய 19 லிட்டர் பிடிக்கும். அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் ஆவியானாலும் அது உறிஞ்சும் வெப்பம் சுமார் 50 மெகாஜூல். காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் 18 மெகாஜூல் வரும். ஆக முதுகு ஒடியச் சுமந்துபோன அவ்வளவு தண்ணீரும் மூன்று கிலோ விறகின் வெப்பத்துக்குத்தான் சரி! தண்ணீரை வைத்துத் தீயின் வெப்பத்தோடு மல்லுக்கு நிற்க முடியாது. அதைக் குறிபார்த்து எரிபொருளின் மேற்பரப்பில் தெளித்து, வாயு கழலும் சூட்டுக்குக் கீழே கொண்டுவருவதுதான் திறமை. மீதி வேலை மண்வெட்டிக்கு. சருகையும் மக்கையும் ஓரடி ஈரடி அகலத்துக்கு வழித்து வெறும் மண்ணைக் காட்டிவிட்டால், தரையில் ஊரும் தீ அதைத் தாண்டத் திணறும். குவியலைச் சுற்றி முன்கூட்டியே இப்படி ஒரு மண்வளையம் எடுத்துவிட்டு எரிப்பவரைப் பார்த்தால் தீயணைப்பு வீரர் மனம் குளிர்ந்துவிடுவார்.

இத்தனையும் செய்தவர்கூடக் கடைசியில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மாலை நான்கு மணி. சுவாலை அடங்கிவிட்டது. வெள்ளைச் சாம்பல்தான் மிச்சம். ஒரு வாளி தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு அவர் உள்ளே போகிறார்.

நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதை ஓர் இயற்பியல் சொல்லாகவே எடுத்துக்கொள்ளலாம். சுவாலையாக எரிவதும் கங்காகக் கனல்வதும் இருவேறு வினைகள். சுவாலையில் எரிவது வாயு. கங்கில் ஆக்சிஜன் நேராகக் கரியின் மேற்பரப்பைத் தொட்டு வினைபுரிகிறது. அதன் சூடு பெரும்பாலும் 500 முதல் 700 டிகிரி வரை, சுவாலையைவிடக் குறைவு. ஆனால் அது தாக்குப்பிடிக்கும். கொஞ்சம் ஆக்சிஜன் போதும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், மணிக்குச் சில சென்டிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ நகர்ந்தாலும் சாகாது. மேலே படியும் சாம்பல் நுண்துளைகளில் காற்றைப் பிடித்துவைத்திருப்பதால் கம்பளிபோல் செயல்படுகிறது. உள்ளே சூட்டைக் காக்கிறது, காற்றைச் சிறுகச் சிறுக உள்ளே விடுகிறது. தீப்பெட்டி அரிதாயிருந்த நாட்களில் இரவு அடுப்பில் கங்கைச் சாம்பலால் மூடிவைத்து, விடிந்ததும் கிளறி ஊதி அடுப்பு மூட்டினார்கள். அந்த அடுப்பில் எது நன்மையோ, அதுவே ஏப்ரல் மாதத் தோட்டத்தில் கேடு. மறுநாள் பிற்பகல் காற்று எழும்போது ஊதுவதற்கு ஆள் தேவையில்லை.

மேலே ஊற்றும் தண்ணீர் சாம்பலில் ஒரு தடம் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். பக்கத்திலிருக்கும் கங்கு நனையாமலே இருக்கும். அதனால்தான் தீயணைப்புத் துறைகள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகின்றன: ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, தொட்டுப் பார். புறங்கையை முதலில் சாம்பலுக்கு மேலே காட்டி, சூடு தெரியாவிட்டால் மெல்ல இறக்கித் தொட வேண்டும். சூடாக இருந்தால், அது இன்னும் அணையவில்லை. கண் சொல்வதை நம்பாதே, கையைக் கேள் என்பதுதான் இதன் பொருள். தரையில் மக்கும் வேரும் தடிமனாக இருக்கும் இடத்தில் இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெய்ன் மாநிலத்தில் ஒரு தீவு சாட்சியாக இருக்கிறது.

மவுண்ட் டெசர்ட் தீவு, 1947. அந்தக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அங்கே வழக்கமான மழையில் பாதிதான் பெய்திருந்தது. அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, மாலை 4 மணிக்கு தீவிலுள்ள பார் ஹார்பர் ஊரின் தீயணைப்புத் துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரு குப்பைமேட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவேயுள்ள கிரான்பெர்ரிச் சதுப்பிலிருந்து புகை எழுவதாக ஒரு பெண்மணி சொன்னார். எது அந்தத் தீயைத் தொடங்கியது என்பது கடைசிவரை தெரியவில்லை. பழம் பறிக்க வந்தவர்களின் சிகரெட்டாக இருக்கலாம் என்றார்கள், குப்பைமேட்டுக் கண்ணாடித் துண்டு வெயிலைக் குவித்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். தீயணைப்பு வீரர்கள் உடனே போனார்கள். மூன்று நாட்கள் அதை 169 ஏக்கருக்குள் பிடித்து வைத்திருந்தார்கள். அதைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. காய்ந்த சதுப்பின் மக்கு மண்ணுக்கு அடியில் தீ கனன்றுகொண்டிருந்தது, மேலே ஓரிடத்தில் அணைத்தால் பக்கத்தில் எழுந்தது.

அக்டோபர் 21 அன்று காற்று பலத்தது. 23ஆம் தேதி பிற்பகலில் அது திசைமாறிப் பெருங்காற்றானது. தீமுனை மூன்று மணி நேரத்துக்குள் ஆறு மைல் பாய்ந்தது. ஊர்மக்கள் முதலில் விளையாட்டு மைதானத்தில் கூடினார்கள், பிறகு கடலோர இறங்குதுறைக்குப் போனார்கள். வெளியேறும் சாலையைத் தீ அடைத்திருந்தது. பக்கத்துக் கடலோர ஊர்களின் மீனவர்கள் படகுகளோடு வந்து சில நூறு பேரை ஏற்றிக்கொண்டார்கள். இரவில் புல்டோசர்கள் சாலையைத் திறந்தபிறகு மற்றவர்கள் நூற்றுக்கணக்கான கார்களில் வரிசையாக, இருபுறமும் பொறி பறக்க, வெளியே போனார்கள்.

எரிந்தது மொத்தம் 17,188 ஏக்கர். அதில் பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல் அகாடியா தேசியப் பூங்காவுக்குள். கோடைக்கால மாளிகைகள் 67, நிரந்தரக் குடியிருப்பாளர்களின் வீடுகள் 170, பழைய பெரிய ஓட்டல்கள் ஐந்து. புற்றுநோய் ஆராய்ச்சிக்காகத் தலைமுறை தலைமுறையாக எலிகளை வளர்த்துவந்த ஜாக்சன் ஆய்வகமும் எரிந்தது, எலிகளும் மாண்டன. ஆனால் அந்த எலிகளின் வழித்தோன்றல்கள் உலகெங்கும் மற்ற ஆய்வகங்களில் இருந்தன. அங்கெல்லாமிருந்து விஞ்ஞானிகள் எலிகளைத் திருப்பியனுப்பினார்கள். ஆய்வகம் மறுபடி எழுந்தது. இந்தச் செய்தியை எப்போது படித்தாலும் மனம் நெகிழ்கிறது.

அதே மாதத்தில் மெய்ன் முழுவதும் தீக்கள். இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேல் அழிந்தது. ஓர் ஊரின் தீயணைப்பு வண்டி அடுத்த ஊருக்கு உதவப் போவதற்கே ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்பது அப்போது வெளிச்சமானது. அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் 1949இல் வடகிழக்கு மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட காட்டுத்தீ உடன்படிக்கை. மாநில எல்லையைத் தாண்டி வண்டியும் ஆளும் அனுப்புவதற்கு அமெரிக்காவில் ஏற்பட்ட முதல் உடன்படிக்கை அது. தீவிலும் காடு திரும்பியது, வேறு முகத்தோடு. ஸ்புரூஸும் ஃபிர்ரும் இருந்த சரிவுகளில், வெயிலை விரும்பும் பிர்ச்சும் ஆஸ்பெனும் முதலில் வந்தன. இன்று இலையுதிர் காலத்தில் சுற்றுலாப் பயணிகள் வியந்து படமெடுக்கும் மஞ்சள் நிறத்தில் பெரும்பகுதி அந்தத் தீயின் எல்லைக்குள் இருக்கிறது.

அக்டோபர் 27 அன்று தீ கட்டுக்குள் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் வீரர்கள் வீடு திரும்பவில்லை. மேலே கருகிய தரை, அடியில் மக்கு, மக்குக்கு அடியில் வேர். அங்கெல்லாம் கங்கு இருந்தது. தோண்டினார்கள், நனைத்தார்கள், மறுபடி தோண்டினார்கள். இன்னும் பதினெட்டு நாட்கள் அந்த வேலை நடந்தது. தீ முற்றிலும் அணைந்தது என்று அறிவித்தது நவம்பர் 14 அன்று. மாலை 4 மணிக்கு.